இரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? 1980 ஜூன் 3 அணு ஆயுதப் பொய் எச்சரிக்கை: ஒரு நிகழ்வு ஆய்வு

1980 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை. வாஷிங்டன் நேரப்படி அதிகாலை 2.26. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஆஃபட் விமானத் தளத்தில், அமெரிக்காவின் அணுகுண்டு விமானங்களையும் தரைவழி ஏவுகணைகளையும் கையில் வைத்திருந்த கட்டளையகத்தின் திரையில் ஒரு தகவல் தோன்றியது. நீர்மூழ்கியிலிருந்து ஏவப்பட்ட இரண்டு ஏவுகணைகள் அமெரிக்காவை நோக்கி வருகின்றன. பதினெட்டு வினாடி கழித்து அந்த எண்ணிக்கை கூடியது. பணியிலிருந்த அதிகாரி, பி-52 குண்டுவீச்சு விமானிகளை விமானத்தில் ஏறி எஞ்சினை ஓடவிடச் சொன்னார்.

அதேநேரம் கொலராடோவின் ஷையன் மலைக்குள் இருந்த நோராட் (வட அமெரிக்க வான்பாதுகாப்புக் கட்டளையகம்) மையத்துக்கும் போன் போட்டார். அந்த எச்சரிக்கையை அனுப்பியதே நோராட்தான். அங்கிருந்து வந்த பதில்: "எங்கள் திரையில் எதுவும் இல்லை."

கொஞ்ச நேரத்தில் ஆஃபட் திரை துடைத்துவிட்டதுபோல் ஆனது. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் அடுத்த தகவல் வந்தது. இப்போது கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள். பின்னாலேயே பென்டகனின் கட்டளை மையத் திரையும் நீர்மூழ்கி ஏவுகணைகளைக் காட்டத் தொடங்கியது. ஒரே மூலத்திலிருந்து தகவல் வாங்கும் மூன்று இடங்கள், மூன்று விதமான நிலவரம். பென்டகன் உயரதிகாரிகளை இணைப்பில் கூட்டியது. ஹவாயில் பசிபிக் கட்டளையகத்தின் பறக்கும் கட்டுப்பாட்டு விமானம் ஓடுபாதையை விட்டு மேலேறிவிட்டது. எச்சரிக்கை பொய் என்று தெரிந்த பிறகே எஞ்சின்கள் அணைக்கப்பட்டன.

இதற்குக் காரணமான உதிரிபாகம் ஒரு கணினிச் சிப். அதன் விலை 46 அமெரிக்க சென்ட். அப்போதைய செய்திகளில் தலைப்பானது இந்த விலைதான், இன்றும் மேற்கோள் காட்டப்படுவதும் அதுதான். ஆனால் விலையைப் பார்த்து வியந்தால் பழுதின் உண்மையான இடம் கண்ணில் படாது. சிப் கெட்டுப்போவது இயல்பு. பத்து டாலர் சிப்பும் கெட்டுப்போகும். கெட்ட சிப் ஒன்றின் உளறல் எந்தச் சோதனையும் இல்லாமல் போர்க்களத் திரைவரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி.

தகவல் போகும் வழி

அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை இரண்டு வகைக் கண்களை நம்பியிருந்தது. ஒன்று, ராக்கெட் கிளம்பும்போது எழும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களில் பார்க்கும் செயற்கைக்கோள்கள். மற்றது ரேடார்கள். கிரீன்லாந்தின் தூலே, அலாஸ்காவின் கிளியர், இங்கிலாந்தின் ஃபைலிங்டேல்ஸ் ஆகியவை வடக்கைப் பார்த்தன. கடற்கரையோர ரேடார்கள் நீர்மூழ்கி ஏவுகணைகளுக்காகக் காத்திருந்தன. செயற்கைக்கோள் சொன்னதை ரேடார் உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. இயற்பியல் அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்வது அரிது என்பது அதன் பின்னால் உள்ள கணக்கு.

இந்தத் தகவல்கள் ஷையன் மலைக்குள் இருந்த ஹனிவெல் 6080 கணினிகளுக்கு வந்து சேரும். 1979 செப்டம்பரில்தான் அந்தப் புதிய அமைப்பு முழுப் பொறுப்புக்கு வந்திருந்தது. அங்கே தொகுக்கப்பட்ட தகவல் ஆஃபட்டுக்கும், பென்டகனுக்கும், ஃபோர்ட் ரிச்சியில் இருந்த மாற்று மையத்துக்கும் போக வேண்டும். வெளியே அனுப்பும் வேலையைச் செய்தது நோவா 840 என்ற சிறிய கணினி. பல தடங்களுக்கான செய்திகளைப் பிரித்து அனுப்பும் மல்டிப்ளெக்சர் அது. கெட்ட சிப் இருந்தது இதற்குள்.

நோராட் திரை சுத்தமாக இருந்ததற்கும், ஆஃபட் திரை ஏவுகணைகளைக் காட்டியதற்கும் விளக்கம் இந்த வரிசையிலேயே இருக்கிறது. நோராட்டின் சொந்தத் திரைக்குப் போன தகவல் மல்டிப்ளெக்சரைத் தாண்டவில்லை. வெளியே போனது தாண்டியது. கண்கள் சரியாகப் பார்த்தன, மூளை சரியாகப் புரிந்துகொண்டது, வாய் மட்டும் உளறியது.

பூஜ்யம் இரண்டான கதை

தொலைத்தொடர்புத் தடம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய இடைவிடாமல் ஏதாவதொரு செய்தியை அனுப்பிக்கொண்டே இருப்பது பழைய வழக்கம். மறுமுனையில் செய்தி நின்றால் தடம் அறுந்தது என்று தெரிந்துவிடும். நோராட்டும் அப்படித்தான் செய்தது. ஆனால் அந்த நிரப்புச் செய்திக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வடிவம், உண்மையான தாக்குதல் எச்சரிக்கையின் வடிவமேதான். ஏவுகணைகளின் எண்ணிக்கை இருக்க வேண்டிய கட்டத்தில் 000 என்று மட்டும் போட்டு அனுப்பினார்கள். அதாவது நாள் முழுக்க, இரவு முழுக்க, "தாக்குதல் வருகிறது, ஏவுகணைகள்: பூஜ்யம்" என்றே அந்தத் தடம் சொல்லிக்கொண்டிருந்தது.

இரும எண்ணில் பூஜ்யம் என்பது 0000. இரண்டு என்பது 0010. நடுவில் இருப்பது ஒரே ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம். அந்த ஒரு பிட்டைக் கையாளும் சுற்று அவ்வப்போது தவறி 1 என்று சொன்னால், அது படும் இடத்தைப் பொறுத்து 000 என்பது 002 ஆகலாம், 200 ஆகலாம், 220 ஆகலாம். அன்று திரைகளில் தென்பட்ட எண்கள் எல்லாம் இரண்டும் பூஜ்யமுமாகவே இருந்தன. பழுது பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய தடயம் கிடைக்காது. உண்மையான எதிரி இரண்டின் மேல் இத்தனை பாசம் வைத்திருக்க மாட்டான்.

இங்கே இரண்டு வடிவமைப்புத் தவறுகள் கைகோத்தன. முதலாவது மேலே சொன்னது: சோதனைச் செய்தியும் சாவுச் செய்தியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தன. ஒரு எழுத்து பிசகினாலே ஒன்று மற்றொன்றாகிவிடும்.

இரண்டாவது, அனுப்பிய செய்தியும் பெற்ற செய்தியும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. செய்தியின் எல்லா பிட்களையும் வைத்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வாலில் ஒட்டி அனுப்புவதும், மறுமுனையில் அதையே மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுவதும் 1980-லேயே வணிகக் கணினிகளில் சாதாரண நடைமுறை. உலகை அழிக்கும் முடிவுக்கான தடத்தில் அது இல்லை.

இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. சரிபார்ப்பு எண்ணை எங்கே கணக்கிடுகிறோம் என்பது முக்கியம். மல்டிப்ளெக்சரை விட்டு வெளியேறும் வாசலில் கணக்கிட்டால் பயனில்லை. செய்தி அதற்குள் கெட்டுவிட்டிருக்கும், கெட்ட செய்திக்கே சரியான முத்திரை குத்தி அனுப்பியதாகும். அது தாய்க் கணினியிலேயே ஒட்டப்பட்டு, கடைசித் திரையில் சரிபார்க்கப்பட வேண்டும். நடுவில் எத்தனை பெட்டிகள் இருந்தாலும் அவற்றில் ஒன்றையும் நம்பக் கூடாது.

மூன்று நாள் காத்திருப்பு

விட்டுவிட்டு வரும் பழுதுதான் எந்தப் பொறியாளருக்கும் தலைவலி. பெட்டியைத் திறந்து பார்க்கும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும். அதனால் நோராட் துணிச்சலான முடிவு ஒன்றை எடுத்தது. பழுது மறுபடி வரட்டும், வந்தால் பிடித்துவிடலாம் என்று அமைப்பை அதே இணைப்பில் அப்படியே ஓடவிட்டது. ஜூன் 6, பிற்பகல் 3.38-க்கு அது வந்தது. ஆஃபட்டில் மறுபடி பொய் ஏவுகணைகள், மறுபடி பி-52 எஞ்சின்கள் ஓடின. இந்த முறை காரணம் பிழைதான் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய தெரிந்திருந்தது. ஆனாலும் விதிப்படி எஞ்சினை ஓடவிடத்தான் வேண்டியிருந்தது. அதன் பிறகு மாற்று அமைப்புக்கு மாறி, தொடர் சோதனைகள் நடத்தி, அந்த ஒற்றைச் சிப்பைக் கண்டுபிடித்தார்கள்.

பழுதைப் பிடிக்கும் முறையாக இது சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அணு ஆயுத எச்சரிக்கை அமைப்பையே சோதனைச்சாலையாக வைத்துக்கொண்டதற்குக் காரணம், வேறு சோதனைச்சாலை இல்லாததுதான். ஏழு மாதம் முன்பு நடந்ததும் இதே குறையால்தான்.

1979 நவம்பர் 9 அன்று, வாஷிங்டன் நேரம் காலை 10.50-க்கு, நான்கு கட்டளை மையங்களின் திரைகளிலும் சோவியத் யூனியனின் முழுவீச்சுத் தாக்குதல் விரிந்தது. அது பயிற்சிக்காகத் தயாரிக்கப்பட்ட கற்பனைத் தாக்குதலின் தரவு. சோதனைக்கான தரவு செயல்பாட்டுக் கணினிக்குள் புகுந்துவிட்டது. ஜூனில் வந்தது உளறல், இதுவோ கச்சிதமான நாடகம். நிபுணர்கள் உட்கார்ந்து எழுதிய காட்சி என்பதால் நம்பும்படியாகவே இருந்தது. அமெரிக்கா, கனடாவிலுள்ள மூன்று தளங்களிலிருந்து பத்துப் போர் விமானங்கள் கிளம்பின. அதிபர் போர்க்காலத்தில் ஏறவேண்டிய கட்டளை விமானமும் அதிபர் இல்லாமலே பறந்துவிட்டது. செயற்கைக்கோளிலிருந்தும் ரேடாரிலிருந்தும் வந்த மூலத் தரவை நேரடியாகக் கேட்டு, ஆறு நிமிடத்தில் பொய் என்று முடிவு செய்தார்கள். சில நாட்களில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் கவலை தெரிவித்து அமெரிக்க அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதினார்.

அன்றைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கியை அதிகாலை மூன்று மணிக்கு அவரது ராணுவ உதவியாளர் வில்லியம் ஓடம் எழுப்பி 220 ஏவுகணைகள் வருவதாகச் சொன்னார், பிறகு அதை 2,200 என்று திருத்தினார், கடைசியில் பொய் என்றார் என்பது பரவலாக அறிந்த கதை. பின்னாளில் சி.ஐ.ஏ. இயக்குநரான ராபர்ட் கேட்ஸ் இதைப் பதிவுசெய்து, 1979 நவம்பர் 9-ஐ நாளாகக் குறிக்கிறார். ஆனால் அந்தச் சம்பவம் நடந்தது காலை 10.50-க்கு. அதிகாலையில் நடந்ததும், இரண்டும் பூஜ்யமுமாக எண்களைக் காட்டியதும் ஜூன் 3 சம்பவம். அந்தத் தொலைபேசி அழைப்பு இந்தச் சிப்பின் வேலை என்றே நாங்கள் கருதுகிறோம். எப்படியிருந்தாலும் பிரெசின்ஸ்கி தன் மனைவியை எழுப்பவில்லை. எல்லோரும் அரை மணியில் சாகப் போகிறோம், தூங்கட்டும் என்று நினைத்தாராம்.

புலி வருது, புலி வருது

திரையில் ஏதாவது தெரிந்தால் மூன்று படிகளில் ஆட்களைக் கூட்டுவது அன்றைய நடைமுறை. முதல் படியில் மையங்களின் பணி அதிகாரிகள் பேசிக்கொள்வார்கள். இரண்டாம் படி அச்சுறுத்தல் மதிப்பீட்டு ஆலோசனை. அதில் முப்படைத் தலைமை வரை இழுக்கப்படும், விமானங்களைத் தயார்செய்யலாம். மூன்றாம் படியில் அதிபர் வருவார். அந்த மூன்றாம் படியை அன்று யாரும் தொடவில்லை.

சம்பவத்தை விசாரித்து 1980 அக்டோபரில் அறிக்கை கொடுத்த செனட்டர்கள் கேரி ஹார்ட், பாரி கோல்ட்வாட்டர் இருவரும் ஒரு கணக்கை வெளியே கொண்டுவந்தார்கள். 1979 ஜனவரி முதல் 1980 ஜூன் முடிய 18 மாதங்களில் வழக்கமான கீழ்மட்டக் கூட்டல்கள் 3,703. அவை போக, தாக்குதலாக இருக்குமோ என்று மதிப்பிட வேண்டிவந்தவை 147. நாளொன்றுக்கு ஏழு முறை மணி அடிக்கிறது, நான்கு நாளுக்கொரு முறை அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். சூரிய ஒளி, விழுந்து எரியும் பழைய ராக்கெட் உடல், சோவியத்தின் சாதாரணப் பயிற்சி ஏவல் என எதுவும் மணியை அடிக்கலாம். 1979 அக்டோபர் 3 அன்று பூமிக்குத் திரும்பும் நிலையிலிருந்த ராக்கெட் உடல் ஒன்றும், 1980 மார்ச் 15 அன்று கூரில் தீவுகளருகே நீர்மூழ்கியிலிருந்து நடந்த பயிற்சி ஏவலும் இரண்டாம் படிவரை கொண்டுபோயின.

புலி வருது என்று தினமும் கத்தினால் ஊர் எழுந்து வராது என்பது ஒரு பக்க ஆபத்து. மறுபக்கத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பொய் எச்சரிக்கைகளைத் தள்ளிவிட்டுப் பழகியவர்களால்தான் ஜூன் 3 அன்று நிதானமாக இருக்க முடிந்தது. அவர்கள் நம்ப மறுத்ததற்குக் காரணங்கள் திடமானவை. எண்கள் தாறுமாறாக மாறின, எந்தப் போர்த் திட்டத்தோடும் பொருந்தவில்லை. மையத்துக்கு மையம் காட்சி வேறாக இருந்தது. மூல உணர்கருவிகள் அமைதியாக இருந்தன. இந்த மூன்றில் ஒன்றுகூட இயந்திரத்துக்குள் எழுதிவைக்கப்பட்ட பாதுகாப்பு அல்ல. உளறல் கொஞ்சம் ஒழுங்காக இருந்திருந்தால், நவம்பர் நாடகமும் ஜூன் பழுதும் ஒரே நாளில் நேர்ந்திருந்தால், முடிவெடுக்க ஆறு நிமிடம் போதுமா?

சரிசெய்தது எது, சரியாகாதது எது

நிரப்புச் செய்தியின் வடிவம் மாற்றப்பட்டது. தாக்குதல் எண்ணிக்கைக் கட்டம் அதிலிருந்து எடுக்கப்பட்டு, தடத்தின் நிலையை மட்டும் சொல்லும்படி ஆனது. செய்திகளுக்குச் சரிபார்ப்புக் குறியீடு வந்தது. நவம்பர் சம்பவத்துக்குப் பின் ஒப்புதலான 1.6 கோடி டாலர் செலவிலான சோதனை மையம், மலைக்கு வெளியே தனியாக அமைக்கப்பட்டது.

மூன்றும் நல்ல திருத்தங்கள். ஆனால் நேரக் கணக்கை அவை தொடவில்லை. கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்துசேர சுமார் 30 நிமிடம். கரையருகே நிற்கும் நீர்மூழ்கியிலிருந்து வந்தால் 15-க்கும் கீழே. அதில் கண்டறிய, மதிப்பிட, அதிபரை இணைப்பில் கொண்டுவர, உத்தரவு சென்று சேர, ஏவுகணை சைலோவை (நிலத்தடி ஏவுகுழியை) விட்டு வெளியேற ஆகும் நேரத்தைக் கழித்தால், அதிபர் யோசிக்க மிஞ்சுவது ஒற்றை இலக்க நிமிடங்கள். ஏவியதைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது, பாதிவழியில் அழிக்கவும் முடியாது. எஞ்சினை அணைப்பதுபோல் அல்ல அது.

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் பக்கத்தில் பணியிலிருந்த அதிகாரி ஸ்தானிஸ்லவ் பெத்ரோவ் ஐந்து ஏவுகணைகளைத் திரையில் பார்த்தும் பொய் என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். அங்கே ஏமாந்தது செயற்கைக்கோள்: மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளி. ஆக இந்தப் பக்கம் வாய் உளறியது, அந்தப் பக்கம் கண் ஏமாந்தது. ஒவ்வொரு சம்பவத்திலும் பழுதான பாகம் வேறு. இரண்டிலும் மாறாமல் இருந்தது நிமிடக் கணக்குதான்.

நேரத்தை நீட்டும் வழி தெரியாததல்ல, செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1991 செப்டம்பர் 27 அன்று அமெரிக்க அதிபர் மூத்த புஷ் குண்டுவீச்சு விமானங்கள் அனைத்தையும், 450 மினிட்மேன்-2 ஏவுகணைகளையும் உஷார் நிலையிலிருந்து விலக்கினார். இன்று ஜூன் 3 மறுபடி நடந்தால் ஓடவிட பி-52 எஞ்சின் காத்திருக்காது. ஏவுகணைகளைப் பொறுத்தவரை, சைலோவில் இறங்கி எரியூட்டுச் சுற்றின் பாதுகாப்பு சுவிட்சைப் பூட்டிவிடலாம். திறக்க ஒவ்வொரு சைலோவுக்கும் ஆள் போக வேண்டும், நிமிடங்கள் மணிகளாகும். அணுகுண்டு முனையைக் கழற்றித் தனிக் கிடங்கில் வைத்தால் மணிகள் நாட்களாகும். மாறாக, 1994-ல் அமெரிக்க அதிபர் கிளின்டனும் ரஷ்ய அதிபர் யெல்ட்சினும் அறிவித்த 'இலக்கு மாற்றம்', அதாவது ஏவுகணைகளின் குறியை நடுக்கடலுக்குத் திருப்புவது, வெறும் சடங்கு. பழைய இலக்கை மறுபடி ஏற்ற வினாடிகள் போதும். பொய் எச்சரிக்கைகளை இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து சரிபார்க்கும் மையம் ஒன்றை மாஸ்கோவில் அமைக்க 2000-ல் கையெழுத்தானது. அது திறக்கப்படவே இல்லை.

அணு ஆயுத ஒழிப்பு ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, முதலில் உஷார் நிலையை விலக்குவது, பிறகு அழிப்பது என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகளின் வாக்கோடு நிறைவேறி, 2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, ஆயுதத்தோடு சேரும் நாடு முதலில் அவற்றை உடனடியாகச் செயல்பாட்டு நிலையிலிருந்து விலக்க வேண்டும் என்கிறது. அழிப்பது அதன் பிறகு. 2022-ல் வியன்னாவில் கூடிய உறுப்பு நாடுகள் அழிப்புக்கு அதிகபட்சம் பத்தாண்டு என்று வைத்தன. பத்தாண்டுப் பணியின் முதல் நாளிலேயே ஜூன் 3 ஆபத்து அகன்றுவிடும்படி எழுதப்பட்ட விதி அது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் எதுவும் அதில் சேரவில்லை. இலங்கை 2023-ல் சேர்ந்தது. 2025 தொடக்கத்தில் உலகில் சுமார் 12,200 அணு முனைகள் இருந்தன. அவற்றில் 2,100 அளவுக்கு நிமிடங்களில் கிளம்பும் நிலையில் ஏவுகணைகளின் மேல் இருந்தன. அமெரிக்கா, ரஷ்யா இடையே எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த கடைசி ஒப்பந்தத்தின் காலம் 2026 பிப்ரவரி 5-ல் முடிந்தது.

அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேரவில்லை. ஆனால் உஷார் நிலையைத் தளர்த்தக் கோரும் தீர்மானத்தை 1998 முதல் ஐ.நா. பொதுச்சபையில் கொண்டுவருவது இந்தியாதான். அதே இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று 2022 மார்ச் 9 மாலை, பராமரிப்பின்போது தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் பறந்து மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிபொருள் இல்லை, உயிரிழப்பும் இல்லை. எல்லைக்குள் அது பறந்தது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. பாகிஸ்தான் திரையில் தெரிந்தது பொய்யான இரண்டு அல்ல, நிஜமான ஒன்று. பிழை என்று இந்தியா அறிவித்தது இரண்டு நாள் கழித்து, மார்ச் 11 அன்று. ஏவுகணைச் சோதனைகளை மூன்று நாள் முன்னதாகத் தெரிவிக்க இரு நாடுகளும் 2005-ல் செய்துகொண்ட உடன்பாடு, மேலே எறியப்பட்டு வளைபாதையில் வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே. விமானம்போல் பறந்து செல்லும் பிரமோஸ் போன்ற குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை.